டிரெய்லருக்கு எந்தக் கொக்கி? ஓட்டைப்பட்டை, நிலைக்கொக்கி, கொஞ்சம் முன்பாரக் கணக்கு

மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: எடை முன்னால் மாட்டுமிடத்தில் இறங்கினால் முன்பாரம், பின்னால் இறங்கி முன்பக்கம் எழும்பினால் பின்பாரம். என் தாத்தா போச்சம்பள்ளிச் சந்தைக்குப் புளி மூட்டை ஏற்றிப் போன காலத்தில், மூட்டைகளை அடுக்கி முடித்ததும் ஏர்க்காலை, அதாவது வண்டியின் முன்னால் நீண்டிருக்கும் இழுக்கும் தண்டை, கையால் தூக்கிப் பார்ப்பார். லேசாகக் கனக்க வேண்டும். தூக்கவே வரவில்லை என்றால் மாட்டின் கழுத்து புண்ணாகும். தானாக மேலே எழும்பினால் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். தப்பாக ஏற்றினால் மாடு பத்தடி போவதற்குள் நின்று காட்டிவிடும். டிராக்டர் காட்டாது. 45 குதிரைத்திறன் இருக்கிறது, எப்படி ஏற்றினாலும் இழுத்துக்கொண்டு போகும், ஒரு மேடு வரும் வரைக்கும்.

எங்களுக்கு அந்த மேடு சந்தூர் பக்கத்துத் தோப்பில் வந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஏப்ரல். கிணறு வற்றி, பிஞ்சு உதிர ஆரம்பித்திருந்ததால் 5,000 லிட்டர் டேங்க்கில் தண்ணீர் கொண்டுபோய் மாமரங்களுக்கு விட்டுக்கொண்டிருந்தோம். கீழ்க் கொல்லையில் பாதித் தண்ணீரை விட்டாயிற்று. மீதிப் பாதியோடு தம்பி மேல் கொல்லைக்கு ஏறினான். டேங்க்கின் பின்னால் ஒரு தகட்டுப் படி பற்றவைத்து, அதில் டீசல் இன்ஜினும் குழாய்ச் சுருளும் உட்கார்ந்திருந்தன. டேங்க்கை மாட்டியிருந்தது டிராக்டரோடு வந்த ஓட்டைப்பட்டையில், அதாவது பின்னால் குறுக்காகப் போடும் ஓட்டை வரிசை உள்ள இரும்புப் பட்டையில். பாதி ஏற்றத்தில் டேங்க்கின் ஏர்க்கால் மெதுவாக மேலே எழும்பியது. பட்டையும் கூடவே எழும்பியது. பின் சக்கரம் சுழன்று செம்மண்ணைத் தோண்டியது, அப்புறம் திடீரென்று பிடித்துக்கொண்டது. பிடித்த வேகத்தில் முன் சக்கரம் இரண்டும் ஒரு சாண் தூக்கி இறங்கின. அப்பா போட்ட சத்தத்தில் தம்பி கிளட்சை மிதித்துவிட்டான். சக்கரத்துக்குக் கல் கொடுத்து, டேங்க்கைத் திறந்துவிட்டு, காலி வண்டியை இறக்கினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பாதி டேங்க் என்றால் 2,500 கிலோ தண்ணீர். சமதரையில் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 250 கிலோ, கொக்கிமேல் உட்காரும் என்று வைத்துக்கொள்வோம். கொக்கிக்கும் டேங்க்கின் அச்சுக்கும் 3 மீட்டர். இன்ஜினும் குழாயும் சேர்ந்து 200 கிலோ, அச்சுக்குப் பின்னால் 1.7 மீட்டர் தள்ளி இருக்கின்றன. அது கொக்கியிலிருந்து 113 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் ஏறும்போது தண்ணீர் பின்னால் ஓடுகிறது. 3 மீட்டர் நீள டேங்க்கில் அரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், அதன் மையம் 15 செ.மீ. பின்னுக்கு நகரும். அதில் 125 கிலோ போயிற்று. தண்ணீரின் மையம் கொக்கியைவிட 60 செ.மீ. உயரத்தில் இருப்பதால், சரிவில் சாயும்போது இன்னும் 50 கிலோ. மொத்தம் 288. இருந்ததோ 250. சமதரையில் முன்பாரமாக இருந்த வண்டி மேட்டில் பின்பாரமாகிவிட்டது.

டேங்க் நிறைய இருந்திருந்தால் தண்ணீர் ஓட இடமே இருந்திருக்காது. காலியாக இருந்தாலும் பிரச்சினை இல்லை. பாதி டேங்க்தான் ஆபத்து. உள்ளே குறுக்கே தடுப்புத் தகடு இல்லாத டேங்க் என்றால் இரட்டை ஆபத்து. எங்களுடையதில் இல்லை. விற்றவரைக் கேட்டபோது, “தடுப்பு வெச்சா கழுவ முடியாதுங்க” என்றார்.

இந்த வருடம் மாங்காய் இறங்குவதற்கு முன்னால் கொக்கி விஷயத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இரண்டு சக்கர டிப்பர் ஒன்று, இந்த டேங்க் ஒன்று. ஜூன், ஜூலையில் பெங்களூரா ரக மாங்காயைக் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைகளுக்கு ஏற்ற வேண்டும். தோப்பிலிருந்து தார் ரோட்டுக்கு வரும்வரை மேடும் பள்ளமும். என்னென்ன வழி இருக்கிறது என்று பார்த்ததையும், எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் எழுதுகிறேன். எங்கள் மாதிரி 1,950 கிலோ எடையுள்ள டிராக்டரும் இரண்டு சக்கர டிரெய்லரும் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும்.

ஓட்டைப்பட்டை

கலப்பை மாட்டும் இரண்டு கீழ்க் கைகளுக்கும் நடுவே குறுக்காகப் போடும், வரிசையாக ஓட்டை உள்ள இரும்புப் பட்டை. டிராக்டரோடு வருகிறது, தனிச் செலவு கிடையாது. இதன் கவர்ச்சியே ஹைட்ராலிக் லிவரைத் தொட்டால் எந்த உயரத்துக்கும் வரும் என்பதுதான். டிரெய்லரின் வளையம் எந்த உயரத்தில் நின்றாலும் பட்டையை அங்கே கொண்டுபோய், பின் என்னும் பூட்டு ஆணியைச் செருகிவிடலாம். ஆள் உதவி வேண்டாம், ஜாக்கி வேண்டாம்.

அந்த வசதிதான் விஷமும். நம் டிராக்டர்களின் ஹைட்ராலிக் தூக்கும், ஆனால் கீழே அழுத்தாது. கலப்பை இறங்குவது அதன் சொந்த எடையில். ஆகவே ஏர்க்கால் மேலே எழும்ப நினைத்தால் பட்டை தடுக்காது, கூடவே போகும். எங்கள் மேட்டில் நடந்தது அதுதான். இன்னொரு பக்கம், ஓட்டுகிறவர் கல்லோ கட்டையோ தட்டாமல் இருக்கட்டும் என்று லிவரைக் கொஞ்சம் தூக்கினால், இழுக்கும் இடம் பின் அச்சுக்கு மேலே போய்விடும். அப்போது என்ன நடக்கும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பட்டையின் இரண்டு முனையிலிருந்தும் மேலே டிராக்டர் உடம்புக்குப் போகும் தாங்கு கம்பிகள் இரண்டு உண்டு. அதைப் போட்டால் பட்டை ஒரே உயரத்தில் பூட்டிக்கொள்ளும், ஆபத்தில் பாதி குறையும். எங்கள் ஊரில் எத்தனை டிராக்டரில் அந்தக் கம்பி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை. எங்களுடையது மாட்டுக் கொட்டகைப் பரணில் உறையோடு இருந்தது. கம்பி போட்ட ஓட்டைப்பட்டை, கொல்லைக்குள் எரு வண்டி இழுக்கவோ விதை மூட்டை கொண்டுபோகவோ போதும். நாலு டன் ஏற்றி ரோட்டில் போக அது வேண்டாம் என்பது என் முடிவு.

நிலைக்கொக்கி

பின் அச்சை மூடிய இரும்புக் கூட்டின் பின்புறத்தில் போல்ட் போட்டு இறுக்கிய தடித்த தாங்கி, அதில் இரண்டு தகட்டு வாய், நடுவே பூட்டும் பின். ஊரில் இதைச் சும்மா ஹூக் என்பார்கள். சில டிராக்டர்களில் ஒரே உயரம்தான். சிலவற்றில் ஏணி மாதிரி ஓட்டைகள் இருக்கும், வாயைக் கழற்றி மேலேயோ கீழேயோ மாற்றிக்கொள்ளலாம். வாங்குவதென்றால் இந்த இரண்டாவது வகையைத்தான் வாங்க வேண்டும். கூடுதலாகும் சில ஆயிரம் ரூபாய்க்கு உயரத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் கிடைக்கிறது. முதல் வகையில் டிராக்டர் சொல்லும் உயரத்துக்கு டிரெய்லரைத்தான் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும்.

நிலைக்கொக்கி மேலேயும் போகாது, கீழேயும் போகாது. பின் அச்சுக்குக் கிட்டத்திலேயே இருப்பதால் முன்பாரம் நேராகப் பின் சக்கரங்களின் மேல் இறங்கி, மேட்டில் பிடிப்புக் கொடுக்கிறது. பின்பாரமானால் டிராக்டரின் பின்பக்கத்தையே தூக்கப் பார்க்கும். சக்கரம் வழுக்கும், நமக்கு உடனே தெரிந்துவிடும். ஓட்டைப்பட்டை போலச் சத்தமில்லாமல் ஏமாற்றாது.

குறை இல்லாமல் இல்லை. டிரெய்லர் வளையத்தைச் சரியாக வாய்க்குள் கொண்டுவர இரண்டு ஆள் வேண்டும், இல்லை ஏர்க்காலில் ஜாக்கிக் கால் இருக்க வேண்டும். டிராக்டர் பின்னால் வரும்போது வளையத்துக்கும் வாய்க்கும் நடுவே கையை விட்டுக்கொண்டு “வா வா” என்று கூப்பிடும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. விரல் போன ஆட்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

மற்றவை

ஆடும் பட்டை என்று ஒன்று உண்டு. டிராக்டரின் வயிற்றுக்கடியில் அச்சுக்கு முன்னால் ஊன்றி, பின்னால் நீண்டு வந்து இடம் வலமாக ஆடும். தரையோடு இழுத்துப் போகும் கருவிகளுக்கு அருமையானது, ஏனென்றால் இழுவை தாழ்வாக இருக்கும். ஆனால் நீண்டு நிற்பதால் மேலிருந்து இறங்கும் எடையை அதிகம் தாங்காது. இரண்டு சக்கர டிப்பரின் முன்பாரம் முழுக்க அதன் நுனியில்தான் இறங்கும். ரோட்டில் போகும்போது நடுவில் பூட்டியும் வைக்க வேண்டும். நம் தேவைக்கு இல்லை.

நாலு சக்கர டிரெய்லர் வாங்கினால் முன்பாரத் தலைவலியே கிடையாது. முன் அச்சு வட்டத் தட்டில் திரும்பும், ஏர்க்கால் கீல் போட்டு மேலும் கீழும் ஆடும், ஆகவே கொக்கிமேல் எடையே வராது. பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் சமமான ரோட்டில் போகிறவர்களுக்கு அது சரி. எடை டிராக்டர்மேல் வராததால் ஈர மேட்டில் பின் சக்கரம் வழுக்கும். பின்னால் எடுப்பது தனி வித்தை: இரண்டு இடத்தில் மடங்கும் வண்டி நாம் நினைத்த பக்கம் போகாது. தோப்புக்குள் இரண்டு மரத்துக்கு நடுவில் ரிவர்ஸ் எடுக்க வேண்டிய எங்களுக்கு அது ஆகாது.

இணையத்தில் டிரெய்லர் மாட்டுவது பற்றித் தேடினால் அமெரிக்கக்காரர்களின் பந்துக் கொக்கியும், எடையை முன் சக்கரத்துக்குத் தள்ளும் வில் கம்பிகளும்தான் வந்து நிற்கும். அவர்கள் பேசுவது பின்னால் மெத்தென்ற ஸ்பிரிங் வைத்த பிக்கப் வண்டியைப் பற்றி. ஏர்க்கால் எடை டிரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லும் கணக்கு தாத்தா கையால் தூக்கிப் பார்த்த கணக்கோடு ஒத்துப்போகிறது, அது நல்ல விஷயம். ஆனால் டிராக்டரின் பின் அச்சுக்கு ஸ்பிரிங்கே கிடையாது. அந்த வில் கம்பிக்கு இங்கே வேலை இல்லை. முன்பக்கம் லேசானால் நாம் செய்வது முன்னால் எடைக் கட்டி மாட்டுவது.

உயரம்: இங்கேதான் இரண்டு ஆசைகள் மோதுகின்றன

டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், அது முதல் ஆசை. கொக்கி தாழ்வாக இருக்க வேண்டும், அது இரண்டாவது. எங்கள் டிப்பரின் வளையம், தளம் மட்டமாக இருக்கும்போது தரையிலிருந்து 72 செ.மீ. டிராக்டரின் பின் அச்சு மையம் 62 செ.மீ. டிரெய்லரை மட்டமாக்க வேண்டுமானால் கொக்கியை அச்சுக்கு மேலே ஏற்ற வேண்டும். பட்டறைக்காரர் உடனே, “ஏத்திடலாம் தம்பி, ரெண்டு தகடு வெச்சா ஆச்சு” என்றார். ஏற்றக் கூடாது.

காரணம் இது. டிராக்டர் இழுக்கும்போது பின் சக்கரம் தரையை உதைக்கிறது, டிரெய்லர் கொக்கியைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது. கொக்கி எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு அந்த இழுப்பு முன் சக்கரங்களைத் தரையிலிருந்து கிளப்பப் பார்க்கும். கொக்கி அச்சுக்குக் கீழே இருந்தால், முன்பக்கம் எழும்ப எழும்பக் கொக்கி தரையை நோக்கி இறங்கும், கவிழ்க்கும் விசை குறையும். அச்சுக்கு மேலே இருந்தால் ஆரம்பத்திலேயே விசை அதிகம், அந்தக் காப்பு போதாமல் போகலாம். அப்புறம் கிளட்ச் எங்கே என்று கால் தேடுவதற்குள் டிராக்டர் ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும்.

எண்களில் சொன்னால் இன்னும் தெளிவாகும். எங்கள் டிராக்டரின் முன் அச்சில் நிற்கும் எடை சுமார் 780 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 195 செ.மீ. கொக்கி பின் அச்சுக்கு 65 செ.மீ. பின்னால். கொக்கியில் 500 கிலோ முன்பாரம் என்றால் முன் அச்சிலிருந்து 167 கிலோ குறைகிறது. வண்டியும் பாரமும் சேர்ந்து ஐந்தரை டன், பத்துக்கு ஒன்று ஏற்றம், பொதபொதவென்ற மண் என்றால் இழுவை ஆயிரம் கிலோவைத் தொடும். கொக்கி 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்த இழுவை முன் அச்சிலிருந்து 231 கிலோவை எடுக்கும். 75 செ.மீ. உயரத்தில் இருந்தால் 385 கிலோ. ஆக, தாழ்ந்த கொக்கியில் முன் அச்சில் மிஞ்சுவது 382 கிலோ, உயர்ந்த கொக்கியில் 228 கிலோ. ஸ்டீயரிங் பேச்சைக் கேட்க வேண்டுமானால் டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னால் நிற்க வேண்டும் என்பது பொது விதி. 1,950-ல் ஐந்தில் ஒன்று 390. தாழ்ந்த கொக்கி அந்த வரம்பை ஒட்டி நிற்கிறது. உயர்ந்த கொக்கி எங்கேயோ போய்விட்டது. சரிவில் டிராக்டரின் சொந்த எடையும் பின்னுக்குச் சாயும். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அப்படியென்றால் டிரெய்லர் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு போகட்டுமா? அதையும் கணக்குப் போட்டுப் பார்த்ததில் எனக்கே ஆச்சரியம். 4,000 கிலோ பாரம், அச்சுக்கு ஒரு மீட்டர் மேலே அதன் மையம், 3 மீட்டர் ஏர்க்கால். மூக்கு 10 செ.மீ. உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் கொக்கி எடையில் வரும் மாற்றம் வெறும் 44 கிலோ. அதே பாரத்தைத் தளத்தில் 15 செ.மீ. பின்னால் தள்ளி வைத்தால் 200 கிலோ போய்விடும். கொக்கியை அரை அங்குலம் ஏற்றலாமா இறக்கலாமா என்று பட்டறையில் அரை நாள் பேசுகிறோம். காய்ப் பெட்டிகளை, அதாவது கிரேட்டை, எங்கிருந்து அடுக்கத் தொடங்குவது என்று ஒருவரும் கேட்பதில்லை.

மட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூக்கு தூக்கி நின்றால் வளையம் கோணலாக நின்று பின்னையும் வாயையும் கடித்துத் தின்னும், கிரேட் இல்லாமல் கொட்டிய காய் பின்பக்கமாக உருண்டு பின்பாரத்தைக் கூட்டும், ஓடை இறங்கி ஏறும்போது பின்கதவு தரையில் உரசும். மூக்கு அதிகம் தாழ்ந்தால் ஏர்க்காலின் அடி கல்லில் தட்டும். பின்னால் ஒட்டினாற்போல் இரண்டு அச்சு வைத்த டிரெய்லராக இருந்தால் மட்டம் இன்னும் முக்கியம். மூக்கு தூக்கினால் பின் அச்சு டயர்தான் எல்லாப் பாரத்தையும் வாங்கும்.

இதற்கு வழி டிராக்டர் பக்கம் இல்லை, டிரெய்லர் பக்கம் இருக்கிறது. கொக்கியை ஏற்றாமல் வளையத்தை இறக்க வேண்டும். எங்கள் டிப்பரின் வளையத் தகடு நான்கு போல்ட்டில் நின்றது, நடுவிலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. அதைக் கழற்றித் தலைகீழாகப் போட்டதில் 12 செ.மீ. கீழே வந்துவிட்டது. 72 இருந்தது 60 ஆயிற்று. செலவு நான்கு புதுப் போல்ட். வளையத்தை நேராக ஏர்க்காலிலேயே பற்றவைத்திருந்தால் இது முடியாது. அப்போது ஏர்க்காலை வெட்டி வளைத்து ஒட்டச் சொல்வார்கள். அந்த ஒட்டு வரும் இடம் பாரத்தில் வளையப் பார்க்கும் இடம். இரண்டு பக்கமும் முக்கோணத் தாங்கு தகடு வைக்காமல் ஒட்டுகிறேன் என்றால் அந்தப் பட்டறையை விட்டு வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். ஒதுக்கம் வைத்த புது வளையத் தகடு செய்து போல்ட் போடுவது மேல்.

அளப்பதற்கு மேஸ்திரியின் தண்ணீர் டியூப்பே போதும். சமதரையில் நிறுத்தி, டயர்களில் காற்றுப் பார்த்து, வழக்கமான பாரத்தை ஏற்றிவிட்டு அளக்க வேண்டும். காலி வண்டியில் அளந்து கொக்கி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பாரம் ஏறியதும் பட்டை ஸ்பிரிங்கும் டயரும் அமுங்கி அச்சுப் பக்கம் 4, 5 செ.மீ. இறங்கும். கொக்கிப் பக்கம் அவ்வளவு இறங்காது. காலியில் மட்டமாக இருந்த வண்டி பாரத்தில் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். காலியாக இருக்கும்போது மூக்கு மூன்று விரக்கடை தாழ்ந்திருந்தால் சரியாக வரும். எங்கள் கொக்கி வாயை இப்போது 56 செ.மீ.யில் பூட்டியிருக்கிறோம். அச்சுக்குக் கீழே, பாரம் ஏற்றினால் ஏறக்குறைய மட்டம்.

முன்பாரம் எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, எந்த எடை மேடையிலும் பார்த்துவிடலாம். முதலில் டிராக்டரை மட்டும் எடை போடுங்கள். பிறகு பாரம் ஏற்றிய டிரெய்லரை மாட்டிக்கொண்டு, டிராக்டரின் நாலு சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் வெளியே சமதரையில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கி எடை. எங்களுக்கு முதல் தடவை 190 கிலோ வந்தது, நாலு டன் காய்க்கு. நூறுக்கு ஐந்துகூட இல்லை. பத்துக்கு ஒன்று மேட்டில் சரிவே 130 கிலோவைத் தின்றுவிடும், மிச்சம் 60. ஒரு குலுங்கல் போதும். கிரேட் வரிசையை முன் தடுப்போடு ஒட்டி அடுக்கி, பின்னால் ஒரு முழம் காலியாக விட்டதும் 510 வந்தது. டிராக்டரோடு வந்த புத்தகத்தில் கொக்கி தாங்கும் உச்ச எடை போட்டிருக்கும். அதைத் தாண்டவில்லை என்று பார்த்துக்கொண்டோம். தளத்தில் அந்த முழக் கோட்டைச் சிவப்பு பெயின்ட்டில் போட்டுவிட்டான் தம்பி. காய் ஏற்ற வரும் ஆட்கள் முதல் நாள் சிரித்தார்கள்.

டேங்க்குக்குச் செய்தது இரண்டு வேலை. பின்னால் இருந்த இன்ஜின் படியை அறுத்து ஏர்க்கால் மேலே கொண்டுவந்து பற்றவைத்தோம். பாதித் தண்ணீரோடு மேடு ஏறுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்: மேல் கொல்லைக்கு முதலில் நிறைய டேங்க், இறங்கி வந்து கீழ்க் கொல்லைக்கு மிச்சம்.

இறக்கம்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் ரோட்டில் தொப்பூர் இறக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இறக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டாம். லாரிகளுக்காவது எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. நம் டிராக்டரில் பின் சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். டிரெய்லரில் பெரும்பாலும் கிடையவே கிடையாது. இரண்டு டன் வண்டியை ஐந்தரை டன் வண்டி பின்னாலிருந்து தள்ளுகிறது. கொக்கி உயரமாக இருந்தால் அந்தத் தள்ளல் டிராக்டரின் பின்பக்கத்தை லேசாக்கும். பிரேக் இருக்கும் ஒரே அச்சு லேசானால் பிடிப்பு எங்கே வரும்? இறக்கத்துக்கும் தாழ்ந்த கொக்கிதான் நல்லது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், இடது வலது பிரேக் பெடல்களைப் பூட்டி வைக்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவரிடம் வண்டியைக் கொடுக்கக் கூடாது.

பின்னும் சங்கிலியும்

பழைய பின்னைக் கழற்றிக் கையில் எடுத்தபோது அதற்கு இடுப்பு வந்திருந்தது. மேலும் கீழும் 30 மி.மீ., வளையம் உரசும் நடுவில் வெர்னியர் வைத்தால் 24. அந்த இடம் வெள்ளி மாதிரி பளபளத்தது. வளையத்தின் முன்விளிம்பும் அதே அளவுக்குத் தேய்ந்து பிறை மாதிரி இருந்தது. பின்னை மட்டும் மாற்றினால் புதுப் பின்னைப் பழைய வளையம் ஒரு சீசனில் தின்றுவிடும், ஆகவே இரண்டையும் மாற்றினோம். கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டைப் பின்னாகப் போடுகிறவர்கள் உண்டு. மரை உள்ள இடத்தில் அது அறுந்துவிடும். பின்னுக்கு அடியில் போடும் கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை முறுக்கி விடுவது எங்கள் ஊர் வழக்கம். குலுங்கிக் குலுங்கி அது நிமிர்ந்து விழ ஒரு வாரம் போதும். கிளிப் விலை ஒரு டீ, வடைக்கு மேல் ஆகாது. மூன்று வாங்கி, ஒன்றைப் பின்னிலும் இரண்டை டூல் பெட்டியிலும் வைத்திருக்கிறோம்.

சங்கிலி கடைசியாக வந்தது. பின் அறுந்தாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் இருக்க, டிராக்டர் உடம்பிலிருந்து ஏர்க்காலுக்கு இரண்டு சங்கிலி, அடியில் குறுக்காகப் போட வேண்டும். முழுத் திருப்பத்தில் இழுக்காத அளவுக்குத் தளர்வு, தரையில் உரசாத அளவுக்கு இறுக்கம். அதைக் கொக்கியிலேயே மாட்டக் கூடாது. கொக்கி கழன்றால் சங்கிலியும் சேர்ந்து போய்விடும், தனி இடத்தில் போல்ட் வேண்டும். வீட்டில் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்துச் சங்கிலி ஒன்று இருக்கிறது, அதையே போடலாம் என்று அப்பா பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். கண்ணிகளைத் திருப்பிப் பார்த்தேன், ஒவ்வொன்றும் உள்பக்கம் பாதி தேய்ந்திருந்தது. புதிதாக வாங்கிவிட்டோம். பழையதில் இப்போது கன்றுக்குட்டி கட்டியிருக்கிறது.